பாதி ஆட்டம்

"வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே, மோன்," என்றான் என் கணவன் அனுசித்.

"கேக்கலாம். கேட்டா அவங்க முடியாதுன்னு சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்றது அவங்களுக்குச் சங்கடம்."

"சரின்னு சொல்லிட்டாங்கன்னா?"

"அது அதைவிடச் சங்கடம். எனக்காக யார் யார் முன்னாடியோ போய் நிக்கணும்."

"உனக்கு?"

"எனக்கென்ன, பழகிக்குவேன்."

அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து கரியைக் கிளறினான். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. லாவோஸில், தாகேக்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில், கனலுக்கு மேலே போட்ட மூங்கில் கட்டிலில் நான் வெந்துகொண்டிருந்தேன். பிள்ளை பெற்றவள் அப்படித்தான் படுக்க வேண்டும். வெந்நீர்தான் குடிக்க வேண்டும். புகையில் என் கண் எரிந்தது. நெஞ்சின் மேல் கிடந்த குழந்தை மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் தூங்கியது.

"இந்த நாட்டுல ஒருத்தர் மனசை ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுன்னு நினைச்சே எல்லாரும் செத்துப் போகப் போறோம்," என்று சொல்லிவிட்டு அனுசித் இன்னும் இரண்டு துண்டு கரியைப் போட்டான்.

நான் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தேசியக் கால்பந்து அணிக்கு மறுபடி ஆடப் போனால், முகாமுக்கோ வெளிநாட்டுப் போட்டிக்கோ பால்குடிக் குழந்தையை உடன் அழைத்து வர அனுமதி. என் காலத்தில் எங்கள் அணியில் யாரும் அதைக் கேட்டதில்லை. கல்யாணமானவர்களே ஓரிருவர்தான். பிள்ளை பெற்றவர்கள் திரும்பி வரவில்லை. நான் திரும்பி வருவதென்று முடிவு செய்திருந்தேன். இடது பக்கத் தடுப்பாட்டம் என் இடம். வயிற்றில் குழந்தையோடு, கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தபோதுகூட, என் இடத்தில் ஆடியவள் தப்பான பக்கம் திரும்பினால் என் இடுப்பு தானாகச் சரியான பக்கம் திரும்பியது.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது முகாமுக்கு அழைப்பு வந்தது. அனுசித் தன் வெல்டிங் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வியன்டியானுக்குக் கிளம்பினான். பயிற்சி மைதானத்தின் பின் சந்தில், கோழி வளர்க்கும் ஒருவர் வீட்டில் அறை கிடைத்தது. நான் அணியோடு விடுதியில். அவனும் குழந்தையும் கோழிகளோடு. காலைப் பயிற்சி முடியும் நேரத்துக்கு அவன் குழந்தையை நெஞ்சில் துணியால் கட்டிக்கொண்டு மைதானத்தின் கம்பிக் கதவருகே வந்து நிற்பான். நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடுவேன்.

முதல் நாளே மொத்த அணியும் பின்னால் ஓடி வந்துவிட்டது.

"ஐயே, எவ்வளவு அசிங்கமா இருக்கு பாரு," என்று கோல் கீப்பர் லத்தானா அக்கா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "மூக்கைப் பாரேன், எருமை மிதிச்ச மாதிரி."

"சகிக்கலை," என்றாள் தாவோன். பத்தொன்பது வயது. நான் இல்லாதபோது என் இடத்தில் ஆடியவள்.

அனுசித் பெருமையில் காது வரை சிவந்தான். குழந்தையை அழகு என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியாத எதுவோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் நாங்களும் அவளைத் தவளை என்று கூப்பிட்டோம். நிஜப் பெயர் பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருந்தது.

"தவளையோட அப்பா, சோறு தின்னீங்களா?" என்று தினமும் யாராவது ஒருத்தி கேட்பாள். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் கம்பி வழியாக அவனுக்குப் போகும். வாயிற்காவலர் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு, "இன்னும் ஒரு மாசம் நின்னா உனக்கும் சீருடை வாங்கித் தந்துடுவாங்க," என்றார்.

எங்கள் பயிற்சியாளர் ஆச்சான் புந்தாவி இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அவரும் இதே பெண்கள் அணியில் நாட்டுக்காக ஆடியவர். சத்தமாகப் பேசமாட்டார். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். வாழைப்பழம் வாங்கியவள் அன்று இரவு தூங்கமாட்டாள்.

அவர் ஒன்றும் சொல்லாததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். மெல்லிய, எப்போது வேண்டுமானாலும் கிழியக்கூடிய அனுமதி. அதைக் கையால் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உடம்பு திரும்பி வர நேரம் எடுத்தது. முதல் வாரம் பந்து என்னைக் கடந்து போன பிறகுதான் என் கால் நகர்ந்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டால் பந்தை நெஞ்சில் வாங்க முடியாது, உயிர் போகும். அகலமான துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அதையும் வாங்கப் பழகினேன். மூன்றாவது வாரத்தில், தாவோன் வலது காலில் போக்குக் காட்டி இடது பக்கம் வெட்டியபோது, என் கால் அங்கே முன்பே காத்திருந்தது.

"அக்கா, நீங்க ஊர்லயே இருந்திருக்கலாம்," என்று அவள் புல்லில் விழுந்து கிடந்தபடி சொன்னாள். "எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"உன் நிம்மதிக்கா தாகேக்ல இருந்து வந்தேன்?"

"ஒரு கிராஸாவது போட விடுங்களேன். என் அம்மா பாக்க வந்திருக்காங்க."

"நானும் ஒரு அம்மாதான்டி," என்று சொல்லிக் கையைப் பிடித்துத் தூக்கி விட்டேன்.

அதன் பிறகு பயிற்சி ஆட்டங்கள் ஆரம்பித்தன. எங்களோடு மோத வேறு பெண்கள் அணி அருகில் இல்லாததால் விளையாட்டுப் பள்ளிப் பையன்களோடு ஆடினோம். முதல் ஆட்டத்தில் நான் என் பக்கத்தில் ஒரு பந்தையும் கடந்து போக விடவில்லை. இடைவேளை விசில் ஊதியதும் ஆச்சான் அருகில் வந்தார்.

"மோன், நீ போதும். உட்காரு. தாவோன், உள்ள போ."

குரல் இதமாகத்தான் இருந்தது. நான் கைகூப்பிவிட்டு வெளியே வந்தேன். கதவருகே தவளை கத்திக்கொண்டிருந்தாள். போய்ப் பால் கொடுத்தேன். முதல் ஆட்டம்தானே, என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. பாதி ஆட்டம் முடிந்ததும், "மோன், நீ போதும்."

என் கால் போதவில்லை என்று நான் முடிவு கட்டினேன். முழு ஆட்டத்துக்குத் தாங்கமாட்டேன் என்று ஆச்சான் நினைக்கிறார். சரி, தாங்குவதைக் காட்டுவோம். விடியும் முன்பே எழுந்து வாய்க்கால் கரையில் ஓடினேன். மற்றவர்கள் மதியம் படுத்திருந்தபோது படிக்கட்டுகளில் ஏறி இறங்கினேன். அனுசித் குழந்தையோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏன் உன்னை எடுத்துடுறாங்கன்னு ஒரு வார்த்தை கேளேன்."

"ஆச்சானைப் போய்க் கேள்வி கேக்கிறதா?"

"கேள்வி இல்லை. வார்த்தை."

"நான் ஓடறேன். அதைப் பாத்து அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பந்து வருவது குறைந்தது. முன்பெல்லாம் லத்தானா அக்கா பந்தைப் பிடித்தால் கண் முதலில் என்னைத்தான் தேடும். இப்போது அவள் வலது பக்கமாகவே உருட்டினாள். நடுவில் ஆடியவள் என் பக்கமாகவே இறங்கி வந்து, நான் எடுக்க வேண்டிய பந்தை எனக்கு முன்னால் எடுத்தாள். யாருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை என்று தோன்றியது. இரவில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். காலையில் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்தேன்.

கடைசிப் பயிற்சி ஆட்டத்தன்று அனுசித் ஒரு யோசனை சொன்னான். "இன்னைக்கு இவளைக் கதவுப் பக்கமே கொண்டு வரலை. கஞ்சி கொடுத்து அறையிலயே வெச்சிருக்கேன். நீ கவலையில்லாம ஆடு."

அன்று நான் ஆடியது எனக்கே பிடித்திருந்தது. எதிரணியில் வேகமானவன், மீசை அரும்பிய நெட்டைப் பையன், இரண்டு முறை என்னிடம் பந்தை இழந்துவிட்டு, "அத்தை, வீட்ல பாப்பா அழுவுது," என்று கத்தினான். மூன்றாவது முறையும் இழந்தான். "அழட்டும், நீயும் சேர்ந்து அழு," என்றேன். எங்கள் பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஆச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அடிக்கடி கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே கையைத் தூக்கினார்.

"மோன், வா. தாவோன், உள்ள போ."

பாதி ஆட்டம்கூட இல்லை. வெளியே வந்து உட்கார்ந்தேன். வியர்வையில் துணிப்பட்டை நனைந்திருந்தது. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தகரக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து, வியட்நாம் போகிறவர்களின் பெயர்களை ஆச்சான் சொன்னார். வின் நகரில் போட்டி; அடுத்த நாள் காலை பெயர்களை அனுப்ப வேண்டும்; அதற்கு மறுநாள் பஸ்ஸில் மலை தாண்டிப் பயணம். தாவோன் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் வாழைப்பழம் இல்லை. ஒரு பை இருந்தது. உள்ளே குழந்தைக்குப் பூப்போட்ட சட்டை.

"நல்லா ஆடினே. உன்னால முடியுமான்னு யாருக்கும் சந்தேகம் இல்லை. இருபது நாள் பிள்ளையைப் பிரிஞ்சு எப்படி இருப்பே? ஊருக்குப் போ. நிம்மதியா இரு."

"பரவாயில்லை, ஆச்சான்," என்றேன். நான் பிறந்ததிலிருந்து சொல்லி வந்த பதில் அது. கைகூப்பினேன். சட்டை அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

பின்னால் குழாயடியில் லத்தானா அக்கா பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தண்ணீரை நிறுத்தினாள்.

"திட்டணும்னா திட்டு," என்றாள்.

"உங்களை எதுக்குத் திட்டணும்? பந்து போடாததுக்கா?"

"அது நீ களைச்சுப் போயிருப்பேன்னு. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஓடறே. பால் வேற குடுக்கறே. உன் பக்கம் பாரம் குறையட்டும்னு நாங்களாத்தான் பேசி வெச்சுக்கிட்டோம்."

"பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"எல்லாரும்தான். தாவோன்கூட."

நான் அவளையே பார்த்தேன். "அப்ப ஆச்சான் பாதியிலயே எடுத்தது?"

"பிள்ளை அழற சத்தம் அவங்க காதுல விழும். தாங்கமாட்டாங்க. 'அவ வாயைத் திறந்து கேக்கமாட்டா, நாமளாத்தான் அவளைப் பிள்ளைகிட்ட அனுப்பணும்'னு என்கிட்டயே சொன்னாங்க."

"நேத்து அவ வரவே இல்லையே, அக்கா. சத்தமே இல்லையே."

"அதனாலதான் சீக்கிரம் எடுத்தாங்க. வழக்கமா வர்ற பிள்ளை வரலைன்னா உடம்பு சரியில்லையோன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமல் வந்தது. வாய்க்கால் கரையில் நான் ஓடியதெல்லாம், படிக்கட்டில் ஏறியதெல்லாம், என் கால் போதவில்லை என்று நினைத்து. என் காலை யாரும் குறை சொல்லவே இல்லை. அத்தனை பேரும் அன்பாக, ஒருவரோடொருவர் கலந்து பேசி, என்னை மைதானத்துக்கு வெளியே சுமந்து போய் இறக்கியிருக்கிறார்கள். நானும் கைகூப்பியபடியே இறங்கியிருக்கிறேன்.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ சங்கடப்படுவேன்னு," என்றாள் லத்தானா அக்கா. சொன்ன பிறகு அது அவள் காதிலேயே உறுத்தியிருக்க வேண்டும். பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டாள். "போ. போய்க் கேளு. பெயரை நாளைக்குத்தானே அனுப்பறாங்க."

போனேன். ஆச்சானின் அறைக் கதவு திறந்திருந்தது.

"வா, வா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், ஆச்சான்."

"மழை வரும்போல இருக்கே. மலைப் பாதையில பஸ் என்ன பாடுபடப் போகுதோ."

"ஆமா, ஆச்சான்."

"தங்கச்சி ஊர்ல இருந்து மங்குஸ்தான் வந்திருக்கு. எடுத்துக்கோ. இன்னும் எடு. பால் குடுக்கறவ."

இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அதற்குள் கால்பந்துச் சங்கத்து அதிகாரி ஒருவர் கடவுச்சீட்டுகளோடு உள்ளே வந்தார். நான் குனிந்து விலகி வெளியே வந்தேன்.

கம்பிக் கதவருகே அனுசித் காத்திருந்தான். என் கைகளைப் பார்த்தான்.

"அனுமதி கேக்கப் போனே. பழம் வாங்கிட்டு வந்திருக்கே."

"பேசாதே."

"இனிப்பா இருக்கா?"

"அனுசித்."

அவன் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பழத்தை உரித்தான். விளையாட்டெல்லாம் விட்ட குரலில் சொன்னான்: "எனக்கு வர இஷ்டம்தான் மோன். இருபது நாள் இல்லை, ரெண்டு மாசம்னாலும் வருவேன். என் பாஸ்போர்ட்டு, இவளோடது, ரெண்டையும் போன மாசமே எடுத்துட்டேன். உன்கிட்ட சொன்னா உன்னை அவசரப்படுத்தற மாதிரி இருக்கும்னுதான்..."

"நீயுமா?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தவளை என் தோளில் முகத்தைத் தேய்த்தாள். அவளுக்கு மட்டும்தான் இந்த வியாதி இன்னும் தொற்றவில்லை. வேண்டுமென்றால் அழுதாள். கிடைக்கும் வரை அழுதாள். அவளைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்தேன்.

மாலையில் கைநூல் கட்டும் சடங்கு. பயணத்துக்கு முன் அது இல்லாமல் யாரும் கிளம்பமாட்டோம்; உடம்பை விட்டு அலையப் போன உயிர்களை அழைத்துக் கட்டிப்போட வேண்டும். கூடத்தில் பாய் விரித்து, வாழையிலைக் கூம்பைச் செண்டுமல்லியால் அலங்கரித்து, அதன் குச்சிகளில் வெள்ளை நூல்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவித்த முட்டை, கோழி, ஒட்டரிசி உருண்டை. போகிறவர்கள் முன்வரிசையில். போகாதவர்கள் பின்னால். அனுசித்தையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். மந்திரம் சொல்கிறவர் நீளமாக இழுத்து, காட்டிலும் ஆற்றிலும் பந்தயத் திடலிலும் சுற்றுகிற உயிர்களையெல்லாம் பேர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டார்.

பிறகு நூல் கட்ட ஆரம்பித்தார்கள். ஆச்சான் முழங்காலிட்டு ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொண்டே வந்தார்.

"கால் முறியாம வா. கண்ணு பந்துமேல இருக்கட்டும்," என்று லத்தானா அக்காவுக்கு. "பயப்படாதே. எதிராளியும் உன்னை மாதிரிதான் சாப்பிட்டுட்டு வந்திருப்பா," என்று தாவோனுக்கு. "கோல் போடு. ரெண்டு போடு. பேராசைப்பட்டு மூணாவதை வெளியே அடிக்காதே," என்று முன்களத்தில் ஆடுகிறவளுக்கு. கூடம் சிரித்தது.

என் முறை வந்தது. நான் இடது கையை நீட்டி, வலது கையை நெற்றியருகே உயர்த்தினேன். நூல் கட்டும்போது கட்டப்படுகிறவள் பேசக் கூடாது. வாழ்த்து முடியும் வரை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் அவள் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். அவர்களைத் தொட்டு மற்றவர்கள். லத்தானா அக்காவின் ஈரக் கை என் முழங்கையில் பட்டது. அவள் தோளில் தாவோனின் கை.

ஆச்சான் என் மணிக்கட்டின் மேல் நூலை வைத்து முன்னும் பின்னும் தடவினார். "கெட்டதெல்லாம் போகட்டும். நல்லதெல்லாம் வரட்டும். பால் வத்தாம இருக்கட்டும். பிள்ளைக்கு நோய்நொடி வராம இருக்கட்டும். வீட்ல நிம்மதியா இரு, மகளே. ஓடினது போதும்."

மற்றவர்களுக்குக் காலுக்கும் கண்ணுக்கும் வாழ்த்து. எனக்கு வீட்டுக்கு. அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. என்னை விட்டுவிட்டுப் போவது அவருக்கு வலித்தது. அந்த வலியை எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். நான் இப்போது பேசாவிட்டால் அவர் அதை இருபது நாளும் பொறுத்துக்கொள்வார். நானும் பொறுத்துக்கொள்வேன். இருவரும் நல்ல பெண்கள் என்று ஊர் சொல்லும்.

நூலின் இரு முனைகளும் அவர் விரல்களில் சேர்ந்தன.

"ஆச்சான், முடிச்சுப் போடாதீங்க," என்றேன்.

மந்திரம் சொல்கிறவர் திரும்பிப் பார்த்தார். சங்கத்து அதிகாரி கையிலிருந்த முட்டையோடு நின்றுவிட்டார். ஆச்சானின் விரல்கள் நூலைப் பிடித்தபடி அப்படியே இருந்தன. லத்தானா அக்கா முழங்கையை விடவில்லை, இறுக்கினாள்.

"என்னம்மா?" என்றார் ஆச்சான், ரொம்ப மெல்ல.

"எனக்கு நிம்மதி வேண்டாம், ஆச்சான். அதை அப்புறம் வாங்கிக்கறேன். என்னையும் வின்னுக்குக் கூட்டிட்டுப் போங்க. என் பொண்ணையும் கூட்டிட்டு வர விடுங்க. அவ அப்பா பாத்துக்குவான், பஸ்ல கடைசி வரிசையில உக்காந்துக்குவான். அவ அழுவா. அழுதா அழட்டும், என்னை வெளிய எடுக்காதீங்க. நான் முழு ஆட்டமும் ஆடணும்."